புதுப்பிப்பு: கறுப்பு காரில் வெள்ளையாகப் படியும் தூசி

கறுப்பு காரைக் கழுவி நிறுத்தினால் அன்றைக்கே பானெட்டும் பம்பர் பிளாஸ்டிக்கும் வெளுத்துத் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, 'முதலில் பழைய பாலிஷை எடுங்கள்' என்ற யோசனை. பம்பரில் பூசியிருந்த சிலிக்கான் பாலிஷ் பிசுக்காக நின்று தூசியைப் பிடித்து வைத்திருந்தது. கார் ஷாம்பூ போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்ததும் போய்விட்டது. அப்புறம் எண்ணெய்ப்பசை இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகை பாலிஷைக் கொஞ்சமாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தேன். இப்போது தண்ணீர் பீய்ச்சினாலே தூசி இறங்கிவிடுகிறது.

எதிர்பாராதது பானெட். அங்கே வெளுப்பாகத் தெரிந்ததில் பாதி தூசியே இல்லை; போர் தண்ணீர் காய்ந்த உப்புக்கறை. ஷாம்பூ எவ்வளவு போட்டாலும் அது அசையாது. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில் வைத்துத் துடைத்து, உடனே நன்றாக அலசியதும் போனது. கழுவிய பிறகு தண்ணீரைத் தானாகக் காய விடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் திரும்ப வருவதில்லை.

காய்ந்த தூசியை டஸ்டரால் தட்டச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. மணல் துகள் பெயிண்டில் கீறல் போடும். வெள்ளை காரில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது, கறுப்பில் வெயில் பட்டதும் வட்டவட்டமாகத் தெரியும்.