பத்திரிகையில் அம்மாவின் பெயர்: முறை தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் திருமங்கலத்தில் என் தங்கையின் திருமணம் நடக்கவிருக்கிறது. அப்பா காலமாகிவிட்டதால், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரியின் கீழ்ப் பெரியப்பா, பெரியம்மா பெயர்களை மட்டும் போடுவதே வழக்கம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். எங்களை வளர்த்து ஆளாக்கிய அம்மாவின் பெயரே முதலில் வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெரியப்பாவின் மனம் நோகாதபடி, அவர் பெயரையும் தாய்மாமன்கள் இருவரின் பெயர்களையும் எந்த வரிசையில் அமைப்பது முறை? அப்பாவின் பெயருக்கு முன் 'தெய்வத்திரு' சேர்த்து, அம்மாவின் பெயரோடு அச்சிட்டவர்கள் இருந்தால் அந்த வாசகத்தைத் தெரிவியுங்கள். குலதெய்வத்துக்கும் மீனாட்சி அம்மனுக்கும் பத்திரிகை வைத்த பிறகு, தாய்மாமன் வீடுகளுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மாவே முன்னின்று அழைக்கவும் விரும்புகிறேன். இவ்வாறு செய்த குடும்பத்தினர், பெரியவர்களிடம் எப்படிப் பேசி இசைவு பெற்றீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து எழுதுங்கள்.