தெரு உரக்கூடத்தை மூடச் சொல்லி மனு: கையெழுத்துப் போடலாமா?

கொல்லைமுருங்கை:
டெல்டா பக்கம் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் கொல்லைச் சுவரிலிருந்து நாற்பது தப்படியில் வார்டு உரக்கூடம் இருக்கிறது. எம்.சி.சி. (மைக்ரோ கம்போஸ்டிங் சென்டர்) என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். தகரக் கூரை, கீழே பன்னிரண்டு தொட்டிகள், ஒரு அரைக்கும் இயந்திரம், அவ்வளவுதான்.

நாற்றம் என்றால் புளித்த ரசமும் அழுகிய முட்டைக்கோஸும் சேர்ந்த மாதிரி. மாமியார் சாப்பாட்டுத் தட்டோடு வாசல் திண்ணைக்குப் போய்விடுகிறார். இதை மூடச் சொல்லித் தெருவில் மனு எழுதி, இருபத்தெட்டுக் கையெழுத்து ஆகிவிட்டது. என்னிடம் பேனாவை நீட்டியபோது 'அவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்' என்று தப்பித்தேன். (அவர் இதிலெல்லாம் தலையிடவே மாட்டார்.)

தயங்குவதற்குக் காரணம் உண்டு. இது வருவதற்கு முன் எங்கள் குப்பையெல்லாம் ஆற்றங்கரைக் கிடங்குக்குத்தான் போனது. கோடையில் அங்கே தீப்பிடித்தால் மூன்று நாள் புகையும். இதை மூடினால் திரும்பவும் அங்கேதான் போகும், அங்கேயும் ஒரு காலனி இருக்கிறது. உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்?

பழைய எஸ்.ஐ.:
எஸ்.ஐ. என்றால் போலீஸ் இல்லை, சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது.

சகோதரி, நாற்றம் தினமும் வருகிறதா, சில நாள் மட்டுமா? அதை முதலில் சொல்லுங்கள்.

உரம் ஒழுங்காக மக்கினால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். நாறினால் குவியலுக்குள் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசியலாம், ஒழுகக் கூடாது. சமையல் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். அதற்கு ஈடாகச் சருகு, தென்னை நார்க்கழிவு, மரத்தூள் என்று காய்ந்தது ஏதாவது சேர வேண்டும். புத்தகக் கணக்கில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமச்சத்து 30 பங்கு. சருகுக்கு எங்கே போவது? அதைத்தான் கூட்டித் தெருமுனையிலேயே கொளுத்திவிடுகிறோமே.

இன்னொரு சோதனையும் உண்டு. இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலில் செருகி, பத்து நிமிஷம் கழித்து இழுத்து நுனியைத் தொடுங்கள். நல்ல குவியல் உள்ளே 55, 60 டிகிரி வரை போகும், கை சுடும். காலையில் வண்டி வரும் நேரத்தில் போனால் அங்கே என்ன வருகிறது என்றும் தெரியும்.

நொந்தசாமி:
கையெழுத்தைப் போடுங்கம்மா. எங்கள் ஊரில் 'சரி பண்ணுகிறோம்' என்று சொல்லியே மூன்று கவுன்சிலர் மாறியாச்சு. நாற்றம் மட்டும் மாறலை.

ஆலப்புழைக்காரன்:
கயிறு வியாபாரத்துக்காகக் கேரளத்து ஆலப்புழைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். 2012-இல் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை நகரத்துக் குப்பை பக்கத்துப் பஞ்சாயத்தில் இருக்கும் சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்த அந்த ஊர்க்காரர்கள் லாரியை மறித்துவிட்டார்கள். இங்கே ரோட்டோரமெல்லாம் மூட்டை மூட்டையாகக் குப்பை. வேறு போக்கிடம் இல்லாமல்தான் நகரம் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது.

வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் மாதிரி சின்னதாக ஒன்றும், குப்பையை உள்ளே போட்டு மக்கவைக்கும் உரக் குழாயும் கொடுத்தார்கள். இடம் இல்லாதவர்களுக்குத் தெருவோரத் தொட்டி. தும்பூர்முழி மாடல் என்பார்கள், கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவானது. நாலடிக்கு நாலடி, காற்றுப் போகச் சுவரில் இடைவெளி. சாணம், சருகு, குப்பை, திரும்பச் சாணம், சருகு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும், கிளற வேண்டியதில்லை. நிரம்பியதும் மூன்று மாதம் அப்படியே விட்டால் உரம்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்பார். என் பையை ஒருநாள் எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார், உள்ளே ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு வாளி. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய ஐந்து நகரங்களில் எங்கள் ஊரும் ஒன்று. அதற்காக எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற கால்வாய் இன்னும் இருக்கிறது.

கொல்லைமுருங்கை:
எஸ்.ஐ. ஐயா, பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மனுவுக்கு உதவுமே என்று நாற்றம் வந்த நாட்களில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். எல்லாப் புள்ளியும் முகூர்த்த நாளுக்கு மறுநாள், இல்லை அதற்கு அடுத்த நாள். ஆடி மாதத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது!

முந்தாநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். கல்யாண மண்டபத்து டிராக்டர் வந்து நின்றது. இலையோடு பாயசம், சாம்பார், தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. தூய்மைப் பணி செய்கிற அக்காவின் கையுறையில் இரண்டு விரல் வெளியே தெரிந்தது. 'நாலு நாள் வார்டுக் குப்பை இது ஒரே நாளில் வந்தால், பிரிக்கவா, அரைக்கவா?' என்றார். அப்படியே தொட்டியில் தள்ளிவிடுகிறார்கள். கம்பியைச் செருகிப் பார்த்தேன், சில்லென்று வந்தது.

பழைய எஸ்.ஐ.:
நினைத்தேன். திடக்கழிவு விதிகளின்படி, நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருகிறவர்கள் தனிக் கணக்கு. பிரித்துக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. ஆயிரம் பேர் சாப்பிட்ட இலை மிச்சத்தோடு அந்த 100 கிலோவை லேசாகத் தாண்டிவிடும். மனுவில் 'மூடுக' என்பதை அடித்துவிட்டு, தேதிகளோடு மண்டபத்து டிராக்டரைப் பற்றி எழுதுங்கள். ஆணையருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பகுதி சபைக் கூட்டத்திலும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். கையுறையையும் மனுவில் சேருங்கள்.

கொல்லைமுருங்கை:
எழுதிவிட்டேன். சருகுக்கும் வழி பண்ணியாச்சு, பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேப்பஞ்சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டித் தருவதாக வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். தையில் என் நாத்தனார் பெண்ணின் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான். இலை எடுக்கிற ஆட்களிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும்.

பேனா கொண்டுவந்தவரிடம் புது மனுவைக் காட்டினேன். படித்துவிட்டுப் பழைய தாளைப் புரட்டினார். அதில் ஐந்தாவது கையெழுத்து மண்டபத்து மேனேஜருடையது. 'நாளைக்குப் பேசலாம்மா' என்று போயிருக்கிறார்.