நம்ம கடற்கரைப் பக்கம் கேட்ட சாப்பாட்டுக் கதைகள், உங்க அனுபவத்தையும் போடுங்க

தங்கச்சிமடம் அக்கா:

வீடு வீடா போயி பிரஷரும் சுகரும் பாக்குற வேலை எனக்கு, 2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்பருந்து இது தான். மெஷின் வச்சுப் பாக்குறத விட கதை கேக்குறது தான் ஜாஸ்தி. ஒரு பெரியவர், கடலுக்குப் போறத விட்டு வருஷமாச்சு, விரல்ல குத்திப் பாத்தா முந்நூறத் தாண்டி நிக்குது. என்னய்யா சாப்பிட்டீகன்னு கேட்டா, "நான் சீனியக் கண்ணால பாக்குறதே இல்ல தாயி, கருப்பட்டிக் காப்பி தான், மகன் சாயல்குடிப் பக்கமிருந்து வாங்கியாந்து போடுறான், கலப்படமே இல்லாதது"ங்குறாக. போதாக்கொறைக்கு மாத்திரையையும் பாதியாக் கொறச்சுட்டாக, மாத்திரை சூடாம், கருப்பட்டி குளிர்ச்சியாம்.

கலப்படம் இல்லாட்டி மட்டும் என்ன, பதநீர் இனிக்கிறதே அதுல இருக்குற சர்க்கரையால தான, அதக் காய்ச்சித் தண்ணிய வத்த வச்சா மிஞ்சுறது முக்காவாசிக்கு மேல சுக்ரோஸ், கடைச் சீனியில இருக்குற அதே சாமான். 10 கிராம் துண்டுக்கு ஏறக்குறைய 40 கலோரி, சீனிக்கும் அதே தான். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கு, இல்லைங்கல, ஆனா அது உடம்புக்குக் காணணும்னா எத்தன வட்டு திங்கணும்னு யோசிங்க. இதுல பதநீரோட சீனியக் கலந்து காய்ச்சி விக்கிறவுகளும் இருக்காக, அது தனிக் கதை.

நான் சண்டை போடல. முதல்ல மாத்திரைய டாக்டர் எழுதுன அளவுக்கே போட வச்சேன். பெறகு ஒருநா காலையில கருப்பட்டி போடாம காப்பி, மறுநா போட்டுக் காப்பி, ரெண்டு நாளும் ஒரு மணி நேரம் கழிச்சு நானே வந்து குத்திப் பாத்தேன். ரெண்டு நம்பரையும் பேத்திய விட்டு தினசரி காலண்டர்ல எழுதச் சொன்னேன். ரெண்டாவது நம்பரப் பாத்துட்டு, "உன் மெஷினு சரியில்ல தாயி"ன்னாக. ஆனா இப்ப காப்பி வெறும் காப்பியா தான் குடிக்கிறாக, மருமக சாட்சி.

கீழக்கரை காக்கா:

அக்கா, எங்க வீட்டுல உப்பு. மாமிக்கு பாக்கெட் உப்புன்னாலே ஆகாது, அது கெமிக்கல்னு சொல்லி வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கமிருந்து கல்லுப்பு மூட்டையா வாங்கி வச்சிருப்பாங்க. கடல் உப்புல அயோடின் தானா இருக்கும், கடலோரத்துல இருக்குற நமக்கு எதுக்கு தனியாங்குறது அவங்க கட்சி. வீட்டுல ஒரு பொண்ணுக்கு கழுத்து வீங்கி டாக்டர்ட்ட போனப்பறம் தான் இந்தப் பேச்சே வந்துச்சு (அயோடின் கொறஞ்சா கழுத்துல இருக்குற தைராய்டு வீங்கும், ஆனா இந்த வீக்கத்துக்கு காரணம் உப்பு தான்னு நான் சொல்ல வரல, வேற காரணமும் உண்டு).

ஒரு கணக்கு போட்டுக் காமிச்சேன். ஒரு லிட்டர் கடல் தண்ணியில அயோடின் இருக்குறதே சுமாரா 60 மைக்ரோகிராம் தான். அந்த ஒரு லிட்டர்ல 35 கிராம் போல உப்பு. அம்புட்டு அயோடினும் உப்புலயே தங்குதுன்னு வச்சுக்கிட்டாலும் நாம ஒரு நாளைக்கு மிஞ்சிப்போனா திங்கலாம்ங்குற 5 கிராம் உப்புல 9 மைக்ரோகிராம் கூட வராது, பெரியவங்களுக்கு தேவையோ 150, மாசமா இருக்குறவங்களுக்கு 250. நெசத்துல அந்த 9ம் தங்காது, உப்பு விளையும்போதே பெரும்பகுதி போயிரும். அதனால தான் அயோடின் சேக்காத உப்ப நேரடியா திங்க விக்கக் கூடாதுன்னு 2006லருந்து தடை இருக்கு. மீன்ல அயோடின் கிடைக்கும், அதுவும் மீனுக்கு மீன் மாறும். கல்லுப்பு தான் வேணும்னா அயோடின் சேத்த கல்லுப்பே பாக்கெட்ல வருது. மாமி இப்ப அத வாங்குறாங்க, மூட்டை உப்பு கருவாட்டுக்குப் போயிருச்சு.

மண்டபம் பொண்ணு:

எனக்குப் பிள்ளை பொறந்தப்ப பால்சுறா தான். மஞ்சள் போட்டு வேகவச்சு, தோல உரிச்சு, உதுத்து, தண்ணி இல்லாம புழிஞ்சு, சின்ன வெங்காயம் பூண்டு நிறைய அள்ளிப் போட்டு புட்டு. ருசிக்கு குத்தமே சொல்ல முடியாது. ஆனா அத தின்னா தான் பால் ஊறும், இல்லாட்டி ஊறாதுன்னு கிலோ என்ன வெல ஆனாலும் எங்க வீட்டுக்காரர தேட விட்டாக. நர்ஸம்மா சொன்னது, பால் ஊறுறது பிள்ளை எத்தன தடவ நல்லா உறிஞ்சிக் குடிக்குதோ அதப் பொறுத்து, தாய்க்கு வயிறார சோறும் புரதமும் தண்ணியும் வேணும், அது எந்த மீன்ல வந்தா என்ன. இன்னொண்ணும் சொன்னாங்க, சுறா மத்த மீனத் தின்னு வருஷக்கணக்குல வளர்ற ஜாதி, அதனால அது உடம்புல பாதரசம் சேந்துக்கிட்டே போகும், மாசமா இருக்குறப்பவும் பால் குடுக்குறப்பவும் சுறாவ ஒதுக்குறது நல்லதுன்னு. சூடை, சாளை, நெத்திலி, காரல்லாம் சின்னதுங்க, அந்தப் பயம் ரொம்பக் கம்மி. ஒமேகா-3 கொழுப்பு சாளையில நிறைய, நெத்திலிய முள்ளோட மென்னா கால்சியம்.

எங்க அப்பத்தா இதக் கேட்டுட்டு, "காரச் சொதி வச்சுக் குடுத்து தான் உங்கப்பன வளத்தேன், சுறா வாங்க காசு ஏது"ன்னாக. சூடைய மட்டும் இன்னும் ஏழை மீன்னு சொல்லி விருந்தாளி வந்தா ஒளிச்சு வைக்கிறத நான் என்னன்னு சொல்ல.

ராமேஸ்வரம் தம்பி:

மீனும் தயிரும்!! இத யாரும் சொல்லலயேன்னு பாத்தேன். எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு கையில வெண்புள்ளி, மீன் கொழம்புக்கு மேல மோர் குடிச்சது தான் காரணம்னு ஊரே பேசுது. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் குடுக்குற செல்ல அழிக்கிறதால வர்றது அது, மோருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஒட்டவும் ஒட்டாது. இதச் சொல்லியே அந்த அக்காவுக்கு வந்த சம்பந்தத்த ஒருத்தர் கலைச்சு விட்டாரு, அந்தாளு மேல இன்னும் எனக்கு கோவம்.

ஆனா மீன் தின்னதும் மூஞ்சி செவந்து தடிப்பு தடிப்பா அரிக்கிறது நெசமாவே வரும், நானே பாத்திருக்கேன். சூரை, கும்புளா மாதிரி மீன ஐஸ் வைக்காம வெயில்ல கிடக்க விட்டா அதுல ஹிஸ்டமின்னு அரிப்பக் கிளப்புற சாமான் ஊறிரும், அப்பறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. தின்ன கொஞ்ச நேரத்துலயே அரிப்பு, தலவலி. அன்னைக்கு இலையில தயிர் இருந்திருந்தா பழி தயிருக்குத் தான், என் கணக்குக்கு இந்தக் கதையே அப்படித் தான் கிளம்பிருக்கும். வாங்குறப்ப ஐஸப் பாத்து வாங்குங்க, அப்பறம் மோரு எம்புட்டு வேணும்னாலும் குடிங்க.

தங்கச்சிமடம் அக்கா:

தம்பி சொன்னது எனக்கே புதுசு, சூரை வாங்குற வீட்டுலல்லாம் சொல்றேன். தனியா கேட்டவுகளுக்கு இங்கயே சொல்லிர்றேன்: பனங்கிழங்கு சுகர்காரவுக திங்கலாம், நார் நிறைய இருக்கு, ஆனா அதுவும் மாவுச்சத்து தான், கிழங்கு தின்ன நேரத்துக்கு சோத்தக் கொறைங்க. கருவாட்ட வெந்நியில ஊறவச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்துனா உப்பு கொறயும், முழுசா போகாது. பிரஷர்காரவுக என்னைக்காவது ஒரு துண்டோட நிறுத்திக்குங்க, அன்னைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேணாம்.