பக்கத்துச் சேனைச் சோளன் செய்த வேலை

கரடியனாற்றான்:

விதைப் புரதம் என்றால் பரீட்சைக்குப் பாடமாக்கும் சங்கதி என்று இருந்தவன் நான், காடு வெட்டிப் பயிரிடும் மாமாவின் சேனையில் பட்டுத்தான் படித்தேன். கம்பஸில் கடைசி வருடம் சேர் ஒரு சின்னப் பையில் விதை தந்தார், ஓபேக்-2 வகைச் சோளன் (மக்காச்சோளம்). 1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூன்று பேரும் எழுதிய பிறகு பேர் எடுத்த சோளன் அது. சாதாரணச் சோளன் மணியில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு சேய்ன், அதில் உடம்பு வளர வேண்டிய அமினோ அமிலமான லைசின் இல்லையென்றே சொல்லலாம், அதனால் சோளனை மட்டும் நம்பிச் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. சேய்ன் மரபணுக்களை முடுக்கிவிடுவது இன்னொரு மரபணு. அது பழுதானதுதான் இந்த வகை. சேய்ன் குறைய, லைசின் உள்ள மற்றப் புரதங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசியில் போட்டோம். வடக்குப் பக்கம் இன்னொருவர் சேனை, கடையில் வாங்கிய சாதாரண ஹைபிரிட், அதுவும் அதே கிழமை போட்டது. மார்கழியில் இரண்டும் ஒன்றாகப் பூத்தன, வாடைக்காற்று வேறு. எனக்கு அது உறைக்கவே இல்லை, இரவெல்லாம் பரணில் இருந்து யானைக்கு வெடி கொளுத்துவதிலேயே புத்தி போய்விட்டது.

கதிர் முறித்து உதிர்த்து, ஒவ்வொரு மணியாக டோர்ச் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஓபேக் மணி சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருண்டு நிற்க வேண்டும், வெளிச்சம் ஊடுருவாது. பாதிக்கு மேல் தேன் நிறத்தில் பளபளவென்று தெரிந்தன, ஒரே கதிரில் இதுவும் அதுவும்! மணியின் மாப்பகுதியில் தாய்ப்பங்கு இரண்டு, தகப்பன் பங்கு ஒன்று. அந்த ஒரு பங்கு பக்கத்துச் சேனையிலிருந்து நல்ல மரபணுவோடு வந்து விழுந்தால் போதும், சேய்ன் திரும்ப ஓடத் தொடங்கிவிடும். நெல்லில் கலப்பு என்றால் அடுத்த போகத்தில்தான் தெரியும் என்று பழகிய எனக்கு, இந்தப் போகத்து மணியே மாறி நின்றது பெரிய அதிர்ச்சி. 200 மீட்டர் இடைவெளி விடு என்று நோட்ஸில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அதை என்ன சொல்ல.

மிஞ்சியதைச் சாக்கில் கட்டி வைத்தேன். சித்திரைக்குள் வண்டு பிடித்து, மெத்தென்ற சுண்ணாம்பு மணிகளை முதலில் தின்று தீர்த்தது. நான் டோர்ச் அடித்துப் பிரித்ததை விடத் துப்புரவாகப் பிரித்தது. இந்தக் குறையைச் சரிபண்ணி, மணி கடினமாகவும் லைசின் கூடியதாகவும் இருக்கிற சோளனை மெக்சிகோவிலுள்ள சிமிட் என்ற சோளன், கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய வாசல், வில்லேகாஸ் இருவருக்கும் 2000இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

காத்தான்குடி மருமகள்:

எனக்குச் சேனையெல்லாம் தெரியாது, குசினிதான். கலியாணம் முடித்துப் போன புதிதில் பரோட்டாவுக்கு மா குழைக்கச் சொன்னார்கள். பேணி மாறி, பிட்டுக்கு அவித்து அரித்து வைத்திருந்த கோதுமை மாவைக் குழைத்துவிட்டேன். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இழுபடவில்லை, வெடித்த வயல் மாதிரிப் பிளந்தது, மாமி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோதுமையை இழுபட வைப்பது குளுட்டெனின், கிளியாடின் என்ற இரண்டு சேமிப்புப் புரதங்கள் என்றும், ஆவியில் வெந்தால் அவை இறுகிப் பின்னலுக்கு உதவாது என்றும் தம்பிதான் பிறகு சொன்னான். பிட்டு உதிரியாக வருவதும் அதனால்தானாம். கோதுமைக்குள் மூன்று புல்லினத்து மரபுத்தொகுதிகள் சேர்ந்து இருக்கின்றனவாம், பெரிய குளுட்டெனின் மரபணுக்கள் மூன்றிலும் முதலாம் குரோமோசோமில், அதில் 5+10 என்று இலக்கமிட்ட குளுட்டெனின் சோடி இருந்தால் பாணுக்கு நல்ல பிசைவு, 2+12 என்றால் தளர்வு. என் பேணியில் எந்தச் சோடி இருந்திருந்தாலும் அன்றைக்கு ஏச்சு நிச்சயம்.

சம்மாந்துறை வெள்ளாமைக்காரன்:

வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. புரதத்தைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள், மூன்று நேரமும் சோறு தின்கிற ஆளிடம் எதைக் குறைப்பது? அப்போதுதான் ஜப்பானின் எல்.ஜி.சி-1 நெல்லைப் பற்றி வாசித்தேன். சோற்றில் நமக்குச் செரிக்கும் புரதம் பெரும்பாலும் குளுட்டெலின், அது இந்த நெல்லில் குறைவு, பதிலாகக் கூடும் புரோலமின் என்ற மற்றப் புரதம் செரிக்காமலே போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குளுட்டெலின் மரபணுக்களுக்கு நடுவில் ஒரு துண்டு அறுந்துபோக, அந்த இடத்திலிருந்து வரும் ஆர்.என்.ஏ, அதாவது மரபணுவின் செய்திப் பிரதி, தன்மேலேயே மடிந்து, மற்றக் குளுட்டெலின் மரபணுக்களின் வாயையும் அடைக்கிறது. கரடியனாற்றான், உங்கள் சோளனில் சாதாரண மரபணு ஒன்று சேர்ந்தாலே நல்ல குணம் ஒடுங்குகிறது, இதில் அப்படிச் சேர்ந்தாலும் ஆட்சியாக நிற்கிறது. நெல் தன் பூவிலேயே கருக்கட்டுவதால் அயல் வயலுக்கும் பெரிதாகப் பயமில்லை. வாப்பாவுக்குக் கடைசியில் சோற்றை அளந்து போட்டதுதான் நடந்தது, அவர் அளவுக் கோப்பையையே ஒளித்து வைத்தார்.

கரடியனாற்றான்:

ஒளித்தது எங்கே என்று சொல்லுங்கள், எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் இருக்கிறார். இந்த முறை மூன்று கிழமை பிந்திப் போடுவோம், பூ ஒன்றாக வராது என்று மாமாவிடம் கேட்டேன். ஊரில் எல்லாச் சேனையும் வெட்டி முடிந்த பிறகு யானைக்கு நம்முடையது மட்டும்தான் மிஞ்சும், பரவாயில்லையா என்கிறார்.