இங்கிலாந்து வந்தாச்சா? டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க

"அக்கா, விசாவோட வருஷத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (இங்க அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) கட்டிட்டு வந்தோம். ஜி.பி. (ஏரியா குடும்ப டாக்டர்) பாரசிட்டமால் போட்டுக்கச் சொல்லி அனுப்பிட்டாரே"ன்னு ஒரு தங்கச்சி புலம்பியிருந்தாங்க. 9 வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே புலம்பல்தான். ஊசி போடலைன்னா வைத்தியமே பார்க்கலைன்னு நினைக்கிற ஊர்ல இருந்து வந்தவங்கதானே நாம.

வந்த வாரமே ஜி.பி.ல பதிவு பண்ணிடுங்க, காய்ச்சல் வரட்டும்னு இருக்காதீங்க. முகவரிச் சான்று, விசா நகல் எதுவும் கட்டாயம் இல்ல. ரிசப்ஷன்ல கேட்டா இதைப் பணிவா சொல்லுங்க.

உள்ள போனா பெரும்பாலும் 10 நிமிஷம்தான். நாம எங்க ஆரம்பிப்போம்? பசியில்ல, தூக்கமில்ல, போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனதுல இருந்து... எழுந்து கதவுகிட்ட வந்தப்புறம்தான் "அப்புறம் டாக்டர், நெஞ்சு லேசா அழுத்துது"ம்போம். எது பயமா இருக்கோ அதை முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க.

பாஷை விஷயத்துல கௌரவம் பார்க்காதீங்க. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா "நெஞ்சுல வாய்வு"ன்னு சொல்ல, மகன் அதை "கேஸ்"னு மொழிபெயர்க்க, அசிடிட்டி மாத்திரையோட திரும்பி வந்தாங்க. அடுத்த தடவை போன்ல தமிழ் இன்டர்பிரட்டர், அதாவது மொழிபெயர்ப்பாளர். "எப்ப வருது?"ன்னு கேட்டதுக்கு, "படி ஏறேக்க வரும், நிண்டா போயிடும்"னாங்க. அன்னைக்கே ஈ.சி.ஜி. எடுத்தாங்க. மகன் முன்னாடி சொல்லக் கூச்சப்படுற விஷயங்கள் வேற இருக்கு. என்.எச்.எஸ்.ல, அதாவது இங்கத்த அரசு மருத்துவச் சேவையில, இன்டர்பிரட்டருக்குக் காசு கிடையாது.

ஆபரேஷன், புது மாத்திரை எதுவானாலும் நாலு கேள்வி: இதனால என்ன நன்மை? என்ன ஆபத்து? வேற வழி இருக்கா? ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்? இப்படிக் கேட்டா டாக்டரை அவமதிக்கிறதா ஆயிடாது. ஸ்காட்லாந்துல நடீன் மாண்ட்கோமரின்னு சர்க்கரை நோய் உள்ள, உயரம் குறைஞ்ச பெண். பிரசவத்துல குழந்தையோட தோள் சிக்கலாம்ங்கிறதை டாக்டர் அவங்ககிட்ட சொல்லல. தோள் சிக்கிச்சு, குழந்தைக்கு மூளை பாதிச்சுது. நோயாளி முக்கியமா நினைக்கக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆகணும்னு 2015ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. சர்க்கரை நம்ம வீடுகள்ல சாதாரணம்ங்கிறதால, கர்ப்பமா இருக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

வார்டுல இருக்கும்போது உடம்பு மோசமாகுதுன்னு உங்களுக்குத் தோணி, யாரும் காதுல போட்டுக்கலைன்னா "மார்த்தாஸ் ரூல்"னு கேளுங்க. மார்த்தா மில்ஸ் 13 வயசுப் பொண்ணு. சைக்கிள்ல விழுந்து கணையத்துல அடிபட்டு, செப்சிஸ் (தொற்றால உறுப்புகள் பாதிக்கிற ஆபத்தான நிலை) வந்து 2021ல இறந்துட்டா. பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் எடுபடல. அவ பேர்ல 2024ல இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல வந்த ஏற்பாடு இது: குடும்பத்தார் கூப்பிட்டா, வேற ஒரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்க்கும். இராத்திரி ரெண்டு மணியானாலும் கூப்பிடலாம்.

நர்ஸுகளை மறந்துடாதீங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நாலு நிமிஷத்துல போயிடுவார், நாள் முழுக்கப் பார்க்கிறது அவங்கதான். மலையாளிகள் நிறைய பேர், பாதித் தமிழ்லயே பேசிடலாம்!

---

"அக்கா, அத்தைக்கு அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருக்கு. புகார் பண்ணா அடுத்த தடவை ஒழுங்கா பார்ப்பாங்களா?"

எல்லாருக்கும் இருக்கிற பயம்தான்மா. புகார்க் கடிதத்தை உங்க மருத்துவக் குறிப்போட சேர்த்து வைக்கக் கூடாதுங்கிறதுதான் இங்க நடைமுறை. எடுத்த எடுப்புல புகாரே வேணாம். ஆஸ்பத்திரில "பால்ஸ்" (PALS)னு நோயாளிகளுக்கு உதவுற ஒரு அலுவலகம் இருக்கும், அங்க போய் நடந்ததைச் சொல்லுங்க, பாதி விஷயம் அங்கேயே முடிஞ்சிடும். முடியலைன்னா எழுத்துல புகார், 12 மாசத்துக்குள்ள. தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்கன்னு அன்னன்னைக்கே போன்ல குறிச்சு வைங்க.

உங்க அத்தைக்கு அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட்னு சொன்னீங்களே, இன்னைக்கே போன் பண்ணி "தமிழ் இன்டர்பிரட்டர் வேணும், டபுள் அப்பாயின்ட்மென்ட் (ரெண்டு மடங்கு நேரம்) வேணும்"னு சொல்லிடுங்க. அன்னைக்குப் போய் நின்னு கேட்டா கிடைக்காமப் போகலாம்.