ராத்திரி பதினொரு மணிப் பேய்ப்படம்: பயந்தது படத்துக்கா, இருட்டுக்கா?

தேனிக்காரன்:
போன ஞாயிறு மத்தியானம் சொந்தக்காரர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிவியில் ஒரு பேய்ப்படம் ஓடியது. பேய் வந்தால் குழந்தைகள் கைதட்டுகிறார்கள், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சோறு பிசைகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்குக் கேபிள் வந்த புதிதில் இந்த மாதிரிப் படமெல்லாம் ராத்திரி பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் வரும். அப்பா தூங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சாலிடேர் டிவியின் சத்தத்தைக் கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்குக் குறைத்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி நானும் அண்ணனும் உட்காருவோம். கதவு கிறீச்சிட்டால் அது படத்திலா வீட்டிலா என்றே தெரியாது. முடிந்து டிவியை அணைத்தால் திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்று அப்புறம் அடங்கும். அது அடங்கிய பிறகு கிணற்றைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய்வர வேண்டும். அண்ணன் துணைக்கு வரமாட்டான்.

‘ஆயிரம் ஜென்மங்கள்’, ‘யார்?’, ‘உருவம்’, ‘ஜென்ம நட்சத்திரம்’ எல்லாம் பயமுறுத்துவதற்காகவே எடுத்த படங்கள். இன்று அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போடுகிறார்கள். இது அநியாயம். பழையபடி ராத்திரியில், முழுசாகப் போட வேண்டும்.

லென்ஸ்:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எழுதியதில் பாதி டிவியைப் பற்றி, மீதி கிணற்றைப் பற்றி. படத்துக்குள் என்ன இருந்தது என்று ஒரு வரி இல்லை. பயமுறுத்தியது உங்கள் வயசும் அந்த இருட்டும்தான்.

1991இல் வந்த ‘ஜென்ம நட்சத்திர’த்தைப் போன மாதம் திரும்பப் பார்த்தேன். 1976இல் வந்த ‘தி ஓமன்’ ஆங்கிலப் படத்தின் கதைதான் அது. மூலத்தையும் பார்த்தவனுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் மிச்சமில்லை. பொதுவாகவே அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் பயம் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து நகைச்சுவை டிராக் உள்ளே வந்துவிடும், அல்லது மந்திரவாதி வந்து எல்லாவற்றையும் வாயாலேயே விளக்கிவிடுவார். ‘மாயா’, ‘டிமான்ட்டி காலனி’ இரண்டும் 2015இல் வந்தவை, ‘அவள்’ 2017. இந்த மூன்றையும் பட்டப்பகலில் போட்டாலும் பயம் வரும். பகலில் நிற்கிற படம்தான் நல்ல படம் என்பது என் கணக்கு.

தேனிக்காரன்:
சரி, பகல் கணக்குக்கே வருகிறேன். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963. மத்தியானம் மூன்று மணிக்கு, பஸ்ஸில், கைபேசியில் பார்த்தேன். கல்யாண்குமார் அந்தப் பாழடைந்த மாளிகைக்குள் நுழைந்து, போன ஜென்மம் ஞாபகத்துக்கு வர ஆரம்பிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. ரத்தம் கிடையாது, திடீர்ச் சத்தம் கிடையாது. ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, கருப்பு வெள்ளை, அவ்வளவுதான். நம்பியார் அந்தக் கிழட்டு ஜமீன்தாராக வரும்போது முகத்தில் பாதிதான் வெளிச்சத்தில் இருப்பது மாதிரி எனக்கு மனசில் பதிந்திருக்கிறது. அடுத்த வருஷமே அதே வின்சென்ட் மலையாளத்தில் பஷீரின் கதையை ‘பார்கவி நிலயம்’ என்று இயக்கினார், அதுவும் பேய் வீடுதான். இருட்டை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொண்ட ஆள் அவர். ‘மாயா’வில் கருப்பு வெள்ளைப் பகுதிகளைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

லென்ஸ்:
‘நெஞ்சம் மறப்பதில்லை’யை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது மறுபிறவிக் காதல் கதை. முதல் பதிவில் நீங்கள் சொன்ன நான்கு படங்களில் அது இல்லையே. நல்ல படத்தைக் காட்டி மற்றதையும் சேர்த்துக் கரையேற்றப் பார்க்கிறீர்கள்.

ஊஞ்சல்:
நீங்கள் இரண்டு பேரும் பார்த்தவர்கள். நான் பார்க்காதவள், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரிப் படம் என்றால் அண்ணன்களுக்கு மட்டும்தான். பெண் பிள்ளைகள் ஒன்பதரைக்குப் படுத்துவிட வேண்டும், “பயந்து காய்ச்சல் வந்துரும்” என்று பாட்டி சொல்லிவிடுவார். டிவி இருந்த கூடத்துக்கும் நாங்கள் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அது மேற்கூரை வரைக்கும் போகாது. அதனால் ஐந்தாறு வருஷம் நான் பேய்ப்படங்களைக் கேட்டேன். வெளிச்சம் மட்டும் சுவருக்கு மேலே ஓட்டில் விழுந்து அசையும்.

அப்படிக் கேட்டதில் எனக்கு இன்றைக்கும் போகாதது ‘யார் நீ?’ படத்தில் சுசீலா பாடிய ‘நானே வருவேன்’. ஜெயலலிதா, ஜெய்சங்கர் நடித்தது, 1966. இந்தியில் ‘வோ கௌன் தி’ என்று 1964இல் வந்த கதை, மெட்டும் அங்கே மதன் மோகன் போட்டதிலிருந்து வேதா கொண்டுவந்ததுதான். அதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, யாரோ ஒரு பெண் ரொம்ப தூரத்திலிருந்து பாடிக்கொண்டே எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறாள் என்பதுதான். பக்கத்தில் தங்கை தூங்குகிறாளா என்று தொட்டுப் பார்த்தேன். அவளும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

லென்ஸ், இதை வயசு, இருட்டு என்று தள்ளிவிட முடியாது. நம்மூர்ப் பேய் முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் குரலைக் காட்டும். முதலில் பாட்டு, அப்புறம் வெள்ளைப் புடவை. நீங்கள் சொல்லும் புதுப் படங்களில் அந்தப் பாட்டு எங்கே? சத்தம் இருக்கிறது, திடுக்கிட வைக்கிறது, மறுநாள் காலையில் எதுவும் ஞாபகம் இல்லை.

கூடவே ஒன்று, தேனிக்காரனுக்கு. ஏக்கத்தில் எல்லாவற்றையும் புனிதமாக்க வேண்டாம். அந்தப் படங்களில் பாதியில் ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றுவிட்டு, அவள் திரும்பி வந்ததும் அவளையே வேப்பிலையால் அடித்து விரட்டுகிறார்கள். அதைப் பார்த்துதான் நம் வீடுகளில் பெண்கள் ராத்திரி வெளியே போகக்கூடாது என்று பேசினார்கள். அந்தப் பகுதிக்காக நான் ஏங்கவில்லை.

நியூஜெர்சி குளிர்:
ராத்திரி நேரம் என்பது வெறும் சூழ்நிலை இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். இங்கே அமெரிக்காவில் 1957இல் ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சல் ஸ்டூடியோவின் பழைய படங்கள் 52ஐ ‘ஷாக்’ என்ற பெயரில் மொத்தமாக உள்ளூர் டிவி நிலையங்களுக்கு விற்றது. 1931இல் வந்த ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எல்லாம் அதில் சேர்த்தி. பல நிலையங்கள் அவற்றை ராத்திரியில் போட்டன, நடுவில் வந்து பேச வேஷம் கட்டிய ஓர் ஆளையும் வைத்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஸாக்கர்லி அப்படித்தான் பேர் வாங்கி, அடுத்த வருஷம் நியூயார்க் போனார். கால் நூற்றாண்டு பழசான படங்களுக்கு ஒரு புதுத் தலைமுறையே ரசிகர்களாகக் கிடைத்தது. படத்துக்குத் தகுதியான நேரத்தைக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். தேனிக்காரன் கேட்பதும் அதைத்தான்.

லென்ஸ்:
அந்த வேஷக்காரர்கள் நடுவில் புகுந்து படத்தைக் கிண்டல் செய்தார்களே. அப்படியானால் நம் சேனல்கள் சிரிப்புச் சத்தம் சேர்ப்பதும் சரிதானா?

நியூஜெர்சி குளிர்:
கிண்டல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் படத்துக்கு ஆதியும் அந்தமும் இருந்தது, மக்கள் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்கள். இரண்டு நிமிஷத் துண்டுக்கு என்ன இருக்கிறது?

தேனிக்காரன்:
ஊஞ்சல் சொன்னது சுட்டது. வேப்பிலை அடியை நானும் கைதட்டிப் பார்த்தவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் முழுப் படமாகப் போட்டால்தானே அவளுக்கு என்ன நடந்தது என்றாவது தெரியும்? துண்டு வீடியோவில் அடி வாங்குவது மட்டும்தான் மிஞ்சுகிறது. 2014இல் ‘அரண்மனை’ வந்தபோது ‘ஆயிரம் ஜென்மங்கள்’ சாயல் என்று ஊரெல்லாம் பேச்சு. என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் ஒருத்தர்கூட 1978இல் வந்த அந்தப் பழைய படத்தைப் பார்த்திருக்கவில்லை. ரஜினி அதில் ஆவி பிடித்த தங்கைக்காகப் போராடும் அண்ணன் என்று சொன்னால், “அப்படியா?” என்கிறார்கள். நல்லதோ கெட்டதோ, பார்த்துவிட்டல்லவா திட்ட வேண்டும்.

லென்ஸ், ஒன்று கேட்கிறேன். ‘யார் நீ?’யை ராத்திரி பதினொன்றுக்கு, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் இல்லாமல், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

லென்ஸ்:
பார்த்தேன். கதை முடிச்சு அவிழும் இடம் இன்னும் எனக்கு இழுவையாகத்தான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. ‘மாயா’வை இதற்குக் கீழே வைக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு வந்தபோது சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

ஊஞ்சல்:
சாத்தினீர்கள் அல்லவா. எங்கள் அறைக்குக் கதவே கிடையாது.