99-னு பேர் வச்சும் எஸ்எஸ்எச் அமைப்பு மாறல, சிஸ்சிடிஎல்.கான்ஃபும் படிக்கப்படல (டெபியன் 13)

முனையம்77:
டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) 12லிருந்து 13க்கு ஏத்தின சர்வர். ரெண்டு சிக்கல்.

கர்னல் அமைப்புகளை எழுதற /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்ல நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் = 1, விஎம்.ஸ்வாப்பினஸ் = 10 ரெண்டும் அப்படியே இருக்கு. ஆனா ரீபூட் ஆனதும் 0, 60னு காட்டுது. ‘சிஸ்சிடிஎல் -பி’ (ஆங்கில p) அடிச்சா சரியாகுது, அடுத்த ரீபூட்ல மறுபடி பழைய கதை.

அடுத்தது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள்ள நுழையற வழி). /எட்சி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி/ உள்ள 99-லோக்கல்.கான்ஃப்னு ஒரு கோப்பு போட்டு ‘பாஸ்வேர்ட்ஆதன்டிகேஷன் நோ’ எழுதியிருக்கேன். ரீலோட் பண்ணியும் பாஸ்வேர்ட் கேட்டுட்டேதான் இருக்கு. அதே ஃபோல்டர்ல 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் (கிளவுட் சர்வரைத் தானா அமைக்கற நிரலோட கோப்பு) இருக்கு, அதுல ‘யெஸ்’. 50க்கு அப்புறம்தானே 99, என்னோடதுதானே நிக்கணும்?

ரூட்டாண்டி:
முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்றேன். பூட் நேரத்துல இந்த மதிப்புகளைப் போடறது சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல். அது /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃபை நேரடியா படிக்காது. முன்னாடி /எட்சி/சிஸ்சிடிஎல்.டி/ உள்ள 99-சிஸ்சிடிஎல்.கான்ஃப்னு ஒரு சிம்லிங்க் (வேற கோப்பைக் காட்டற இணைப்பு) அந்தக் கோப்பைக் காட்டிட்டு இருந்துச்சு, அதனாலதான் வேலை செஞ்சுது. 13ல அந்த சிம்லிங்கை எடுத்துட்டாங்க. ‘சிஸ்சிடிஎல் -பி’ வேற நிரல், அது இன்னும் பழைய கோப்பைத்தான் எடுக்கும். கையால அடிச்சா சரி, பூட்ல இல்லைங்கறது இதனாலதான்.

அந்த ரெண்டு வரியை /எட்சி/சிஸ்சிடிஎல்.டி/99-லோக்கல்.கான்ஃப்க்கு மாத்துங்க. அப்புறம் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்’. சோதிக்க ‘சிஸ்சிடிஎல் -பி’ போடாதீங்க, ஏமாத்திடும். ‘சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி’ அடிச்சா எந்தக் கோப்பு எந்த வரிசையில படிக்கப்படுதுன்னு முழுசா கொட்டும்.

பேர் வைக்கிறதுல ஒரு கண்ணி இருக்கு. 50-டிஃபால்ட்.கான்ஃப்னு மட்டும் வச்சிடாதீங்க. அதே பேர்ல /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்சிடிஎல்.டி/ உள்ள டெபியனோட கோப்பு இருக்கு. பேர் ஒண்ணா இருந்தா ரெண்டும் கலக்காது. எட்சில இருக்கறது மத்ததை முழுசா மறைச்சிடும். 13ல சாதாரண பயனர் பிங் (இன்னொரு கணினி பதில் தருதான்னு பார்க்கறது) அடிக்க முடியறதே அந்தக் கோப்புல வர்ற பிங்_குரூப்_ரேஞ்ச் வரியாலதான். மறைச்சா ரூட்டைத் தவிர யாருக்கும் பிங் போகாது, காரணம் தேடி அலையணும்.

கர்னல்கிறுக்கன்:
எஸ்எஸ்எச் பத்தி: எண் வரிசை நீங்க நினைக்கறதுதான், 50 முன்னாடி, 99 பின்னாடி. ஆனா எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சர்வர் நிரல்) ஒரு அமைப்புக்கு முதல்ல எந்த மதிப்பைப் பார்க்குதோ அதையே பிடிச்சுக்கும், பின்னாடி வர்றது கணக்கில்லை. சிஸ்சிடிஎல்ல கடைசியா வர்றது நிக்கும், இங்க நேர் எதிர். ஒரே மாதிரி ‘.டி’ ஃபோல்டர், ஒரே மாதிரி எண், விதி மட்டும் தலைகீழ். யாரா இருந்தாலும் ஒரு தடவை விழற குழிதான்.

அதனால உங்க கோப்பை 01-லோக்கல்.கான்ஃப்னு பேர் மாத்துங்க. கிளவுட்-இனிட் கோப்புல கை வைக்காதீங்க, அது தன் கோப்பைத் திரும்ப எழுதலாம். முக்கிய எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்ல கீழே எழுதியும் பலனில்லை. டெபியன்ல ‘இன்க்ளூட்’ வரி மேலேயே இருக்கு, அதனால ‘.டி’ ஃபோல்டர்தான் முந்திக்கும்.

கூடவே ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆதன்டிகேஷன் நோ’வும் போடுங்க. இல்லைன்னா பாம் (லினக்ஸோட உள்நுழைவுச் சோதனை அமைப்பு) வழியா பாஸ்வேர்ட் கேக்கற வாசல் திறந்திருக்க வாய்ப்பிருக்கு.

வரிசை: ‘எஸ்எஸ்எச்டி -டி’ (ஆங்கில சின்ன t, எழுத்துப்பிழை பார்க்கும்), ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச்’, அப்புறம் ரூட்டா ‘எஸ்எஸ்எச்டி -டி’ (இது பெரிய T). பெரிய T கோப்புகளைப் படிச்சு முடிவான மதிப்பை மட்டும் காட்டும், அதுல பாஸ்வேர்ட்ஆதன்டிகேஷன் ‘நோ’ன்னு வரணும். இருக்கற செஷனை மூடாம இன்னொரு டெர்மினல்ல சாவியோட உள்ள போக முடியுதான்னு பார்த்துட்டு மூடுங்க.

முனையம்77:
ரெண்டும் சரியாயிடுச்சு, நன்றி. அதே 99-லோக்கல்.கான்ஃப்ல நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் = 1னும் சேர்த்தேன். அது மட்டும் பூட்ல ஏறல, கையால அடிச்சா ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ங்குது.

ரூட்டாண்டி:
அந்த மதிப்பு பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூலோட (கர்னல்ல தனியா ஏத்தற பகுதி) சேர்ந்துதான் வரும். மாட்யூல் ஏறலைன்னா /ப்ராக்/சிஸ் கீழே அந்தக் கோப்பே கிடையாது. /எட்சி/மாட்யூல்ஸ்-லோட்.டி/பிரிட்ஜ்.கான்ஃப்னு ஒரு கோப்பு, உள்ள பிஆர்_நெட்ஃபில்டர்னு ஒரே வரி. மாட்யூல் ஏத்தற சர்வீஸ் முடிஞ்ச பிறகுதான் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் ஓடும், அதனால வரிசைப் பிரச்சினை வராது. இப்பவே வேணும்னா ‘மாட்ப்ரோப் பிஆர்_நெட்ஃபில்டர்’ போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

கர்னல்கிறுக்கன்:
விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாப் பிரிக்கறது) வச்சிருந்தா இதையும் பார்த்துக்கோங்க. ஈத்0.10 மாதிரி பேர்லயே புள்ளி இருந்தா, சிஸ்சிடிஎல் வரியில புள்ளிக்குப் பதிலா சாய்கோடு போட்டு எழுதணும்: நெட்/ஐபிவி4/கான்ஃப்/ஈத்0.10/ஆர்பி_ஃபில்டர் = 2. புள்ளியாவே எழுதினா 10ஐத் தனி அடுக்கா எடுத்துக்கும், மதிப்பு போய்ச் சேராது.